சேகரிப்பும் வர்க்கமும்
அம்ரிதா ஷேர்கில் ஓவியத் தொகுதியின் வரலாறு: ஊவாத் தோட்டங்களிலிருந்து ஒரு நோக்கு

ஒரு குடும்பம் தன் உறவினர் ஒருவர் தீட்டிய ஓவியங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வருவதைப் பாசத்தின் வெளிப்பாடாகவே நாம் கருதிப் பழகியுள்ளோம். பாசம் பொய்யன்று. ஆயினும் பாசம் மாத்திரம் எந்த ஓவியத்தையும் மழையிலிருந்தும் கறையானிலிருந்தும் காப்பாற்றியதில்லை. ஓவியம் நிலைப்பதற்குச் சுவர் வேண்டும். சுவர் நிலைப்பதற்கு வீடு வேண்டும். வீடு நிலைப்பதற்கு நிலத்தின் மீது உரிமை வேண்டும். எனவே குடும்பச் சேகரிப்பு என்பது கலை வரலாற்றுப் பிரச்சினையாக இருக்கும் அளவிற்குச் சொத்துடைமையின் வரலாற்றுப் பிரச்சினையாகவும் உள்ளது.

இவ்வுண்மையைப் பசறைப் பகுதித் தோட்ட லயமொன்றில் வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நமுனுகுலை மலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் லயங்களிலே, பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் காம்பிராவிலேதான் சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும் நோயும் சாவும் நிகழ்ந்தன. அடுப்புப் புகையாற் கறுத்த சுவரில் ஒரு நாட்காட்டிப் படம். கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி. அப்பெட்டிக்குள் பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம், ஈரம் பட்டு ஒட்டிக்கொண்ட இரண்டொரு நிழற்படம். எங்கள் குடும்பங்கள் பேணிய ‘தொகுதி’ இதுவே. அதனைப் பேணுவதில் எங்கள் பாட்டிமார் காட்டிய அக்கறை எந்த மாளிகையின் அக்கறைக்கும் குறைந்ததன்று. குறைந்தது அக்கறையன்று, உரிமை.

இந்நோக்கு நிலையில் நின்று, இந்திய உபகண்டத்தின் மிகப் பிரபலமான குடும்ப ஓவியத் தொகுதியொன்றின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அது அம்ரிதா ஷேர்கிலின் ஓவியத் தொகுதி. அதன் பாதுகாவலராயும் விமர்சகராயும் விளங்கியவர், தமிழ்த் தந்தைக்கும் அம்ரிதாவின் தங்கைக்கும் பிறந்த விவான் சுந்தரம் என்பது தமிழ் வாசகர் சிறப்பாக மனங்கொள்ளத்தக்கது.

1. தொகுதியின் பொருளியல் அடித்தளம்

அம்ரிதா ஷேர்கில் 1913 ஜனவரி 30 ஆம் திகதி புடாபெஸ்ற் நகரிற் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங், பஞ்சாபின் மஜீதியாப் பிரபு குடும்பத்தைச் சேர்ந்தவர். வடமொழியும் பாரசீகமும் கற்றவர். ஏறத்தாழ அறுபது ஆண்டுக் காலம் நிழற்படக் கலையில் ஈடுபட்டவர். தாய் மரீ அந்துவானெத், ஹங்கேரிய நாட்டு இசைப் பாடகி. 1921 இல் குடும்பம் சிம்லாவிற் குடியேறியது. 1929 இல் அம்ரிதா பாரிஸ் சென்று லூசியன் சிமோனின் மாணவியாக ஓவியம் பயின்றார். 1932 இல் அவர் தீட்டிய ‘இளம் பெண்கள்’ அடுத்த ஆண்டு பாரிஸ் கண்காட்சியிற் பதக்கம் பெற்றது. 1934 இறுதியில் இந்தியா திரும்பினார். 1941 டிசெம்பர் 5 ஆம் திகதி இரவு லாகூரில், தமது இருபத்தெட்டாவது வயதில் மறைந்தார். அவரது கலை வாழ்வு, பாரிஸ் காலத்தையும் சேர்த்து, பன்னிரண்டு ஆண்டுகளே.

இவ்விபரங்களை வாழ்க்கை வரலாற்று நூல்கள் யாவும் கூறும். அவ்வாழ்வைச் சாத்தியமாக்கிய நிலவுடைமையின் தோற்றம் பற்றி அவை அத்துணை அழுத்தமாகப் பேசுவதில்லை. அம்ரிதாவின் பாட்டனார் சூரத் சிங் மஜீதியா, 1857 ஆம் ஆண்டுப் பேரெழுச்சியை ஒடுக்குவதில் ஆங்கிலேயருக்கு உதவியமைக்காக கோரக்பூர் மாவட்டத்திலே நிலக்கொடை பெற்றவர். அந்நிலத்தின் மீதே பின்னர் மஜீதியா குடும்பத்தின் சரையா சர்க்கரை ஆலை எழுந்தது. அதே கோரக்பூர் மாவட்டமும் அதன் அயல் மாவட்டங்களும் மொறீசியசுக்கும் பீஜிக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளை அள்ளிக் கொடுத்த நிலப்பரப்பாகும். 1922 பெப்ரவரியில் சௌரி சௌராவில் விவசாயிகள் காவல் நிலையத்தைத் தீயிட்ட நிகழ்வு இடம்பெற்றதும், அதற்காகப் பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டதும் அக்குடும்பத்தின் டும்ரி நிலங்களை அண்டிய பகுதியிலேயே.

ஊவாவின் வரலாற்றை அறிந்தோருக்கு இந்நிரல் புதியதன்று. 1817–18 இல் ஊவாவிலே மூண்ட கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கிராமத்தவரின் காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாக்கியது. அவ்வாறு முடிக்குரியனவான நிலங்கள் தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டன. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து எங்கள் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். கிளர்ச்சியின் ஒடுக்கம், நிலத்தின் கைமாற்றம், உழைப்பாளரின் இடப்பெயர்வு ஆகிய மூன்றும் கோரக்பூரிலும் பதுளையிலும் ஒரே ஏகாதிபத்தியப் பொருளாதாரத்தின் கூறுகளாகவே நிகழ்ந்தன. ஓரிடத்தில் அதன் விளைபொருள்களுள் ஒன்று ஓவியத் தொகுதி. மற்றோரிடத்தில் தகரப் பெட்டி.

2. விலைபோகாமையின் பயன்

குடும்பத் தொகுதிகள் எவ்வாறு உருவாகின்றன என்ற கேள்விக்குச் சேகரிப்போரின் இரசனையே விடையாகக் கூறப்படுவதுண்டு. அம்ரிதாவின் விடயத்தில் உண்மை வேறு. அவரது ஓவியங்களுள் விற்பனையானவை சிலவே. ஐதராபாத்தின் சாலார் ஜங் அவற்றைப் பார்வையிட்டும் வாங்கவில்லை. ரவி வர்மாவின் மெருகேறிய புராண நாயகியரைக் கண்டு பழகிய சுதேச மன்னருக்கும் செல்வருக்கும், துயர் தோய்ந்த கண்களுடன் நிற்கும் மலைவாழ் ஏழைகள் வரவேற்பறைக்கு ஒவ்வாதோராய்த் தோன்றியதில் வியப்பில்லை. ஆகவே அவர் இறந்தபோது படைப்புகளிற் பெரும்பகுதி கணவர் விக்டர் ஈகனிடமும் பெற்றோரிடமும் எஞ்சியிருந்தது. குடும்பத் தொகுதி எனப் பின்னர் போற்றப்பட்டது, சந்தை புறக்கணித்தவற்றின் எச்சமே.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் தகும். விற்றேயாக வேண்டிய நிலையிலுள்ள கலைஞன் தன் படைப்பைக் கிடைத்த விலைக்குப் பிரிந்துவிடுகிறான், அது சிதறிவிடுகிறது. விற்காமலும் வாழக்கூடிய வர்க்கத்தைச் சேர்ந்தவனின் படைப்பு ஒருங்கே தங்குகிறது. ஈழத்திலும் இதற்குச் சான்றுண்டு. 1943 ஓகஸ்டிற் கொழும்பிலே லயனல் வென்டின் இல்லத்தில் உருவான ‘43 குழு’வின் முன்னணி ஓவியருள் ஒருவரான ஜஸ்ரின் தெரணியகலை (1903–1967), வரலாற்றறிஞரும் சிவில் சேவையாளருமான போல் ஈ. பீரிசின் மைந்தர், கேம்பிரிட்ஜிற் படித்து, இலண்டன் சிலேட் கலைக் கல்லூரியிலும் பாரிசிலும் ஓவியம் பயின்றவர். பஸ்யாலைக்கு அண்மையில் நுகெதொலையிலிருந்த குடும்ப வளவிலே வாழ்ந்து, விற்பனை பற்றிய கவலையின்றி வரைந்தார். அவரது ஓவியங்களிற் பெரும்பாலானவை நெடுங்காலம் குடும்பத்தவரிடமே இருந்தமைக்கு இதுவே காரணம். அக்குழுவின் மற்றோர் உறுப்பினரான ஹரி பீரிஸ் 1974 இல் தம் கொழும்பு இல்லத்தையே சபுமல் மன்றமாக்கிச் சக ஓவியரின் படைப்புகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார். இவை நன்றியுடன் நினைக்கத்தக்க செயல்கள். எனினும் கொடுப்பதற்கு முன்னர் வைத்திருத்தல் வேண்டும் என்ற எளிய உண்மையை அவை மறைத்துவிடலாகாது.

3. ஓவியங்களுட் காணப்படும் மக்கள்

வர்க்கப் பின்னணியைச் சுட்டிவிட்டு, ‘நிலவுடைமையாளரின் மகள் தீட்டிய ஏழைகள்’ என்று ஒரே வரியில் இவ்வோவியங்களைத் தள்ளிவிடுவோர் எம்மிடையே உள்ளனர். அத்தகைய கொச்சை மார்க்சியத்துடன் இக்கட்டுரையாளருக்கு உடன்பாடில்லை. கலைஞர் பிறந்த வர்க்கமும் கலைப்படைப்பு வெளிப்படுத்தும் உண்மையும் ஒன்றுக்கொன்று நேர்கோட்டிற் பொருந்துவதில்லை என்பது மார்க்சிய அழகியலின் அரிச்சுவடி.

1935 இல் அம்ரிதா தீட்டிய ‘மலைநாட்டு ஆடவர்’, ‘மலைநாட்டுப் பெண்கள்’, ‘பாரத மாதா’ ஆகியவற்றை நோக்குக. அக்காலத்தே பாரத மாதா என்னும் உருவகம் வங்க ஓவியரின் கையில் தெய்வீகப் பொலிவுடன் விளங்கியது. அம்ரிதாவோ கறுத்து மெலிந்த ஏழைத் தாயொருத்தியையும் அவள் பிள்ளைகளையும் அப்பெயரால் அழைத்தார். தேசியத்தின் இலட்சியப் படிமத்தை வறுமையின் உடலுக்குக் கீழிறக்கிய இச்செயல் முற்போக்கானது என்பதில் ஐயமில்லை. 1936 இறுதியிலும் 1937 தொடக்கத்திலும் அவர் மேற்கொண்ட தென்னாட்டுப் பயணம் இன்னும் முக்கியமானது. அஜந்தா, எல்லோராக் குகைகளையும், கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களையும் கண்டார். திருவனந்தபுரத்திலும் குமரிமுனையிலும் தங்கினார். ‘மணமகளின் ஒப்பனை’, ‘பிரமச்சாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தவர்’ என்னும் 1937 ஆம் ஆண்டின் மூன்று பேரோவியங்கள் அப்பயணத்தின் விளைவுகள். தென்னாட்டு உழைப்பாளரின் கருந்தோலை நவீன ஓவியத்தின் மைய வண்ணமாக்கியவர் அவர். தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த எங்கள் மூதாதையரின் உடல்மொழியை அவ்வோவியங்களில் அடையாளங் காணும்போது ஏற்படும் அதிர்வை மறுக்கவியலாது.

ஆயினும் அவற்றின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அவரது மனிதர் நிற்கின்றனர், அமர்ந்திருக்கின்றனர், காத்திருக்கின்றனர், உழைப்பது அரிது. 1940 இல் வரைந்த ‘மஞ்சள் அரைக்கும் பெண்கள்’ போன்ற சில விதிவிலக்குகள். 1939 முதல் 1941 வரை அவர் வாழ்ந்தது சரையாவின் ஆலை வளவில். அங்கிருந்து யானைகளும் குதிரைகளும் கட்டிலில் ஓய்ந்திருக்கும் பெண்களும் சித்திரங்களாயினர். ஆனால் பெயர்பெற்ற அவர் ஓவியங்கள் எதிலும் ஆலையோ ஆலைத் தொழிலாளியோ இல்லை. வறுமை அங்கே இயற்கையின் துயரமாகத் தோன்றுகிறது. சுரண்டலின் விளைவாகத் தோன்றுவதில்லை. தன்னைத் தாங்கும் பொருளியல் அடித்தளத்தை நேருக்குநேர் காண அந்தப் பார்வையால் முடியவில்லை. அதே 1940 இல் பதுளை வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்து தமக்கென ஒரு தொழிலாளர் சபையைத் தெரிந்தெடுத்தனர். காத்திருப்போர் எழுந்து நின்ற அக்கணத்தைத் தீட்டுவதற்கு எந்த ஓவியரும் அங்கிருக்கவில்லை.

4. பேணலும் அழித்தலும்

குடும்பம் இயல்பாகவே நல்ல பாதுகாவலன் என்ற எண்ணமும் மறுபரிசீலனைக்குரியது. 1938 இல் அம்ரிதா ஹங்கேரி சென்று தம் மைத்துனரான விக்டர் ஈகனை மணந்தார். அவர் அங்கிருந்த காலத்தில் சிம்லா வீட்டிலிருந்த அவரது கடிதங்களைப் பெற்றோர் எரித்துவிட்டனர். ஜவஹர்லால் நேரு எழுதியவையும் அவற்றுள் அடங்கும். குடும்ப மானம் எனக் கருதப்பட்டது கலை வரலாற்றின் ஆதாரங்களை விழுங்கிவிட்டது. ஓவியத்தைப் பெருமையாகவும் கடிதத்தை அவமானமாகவும் ஒரே குடும்பம் கருதியது. பெண்ணின் கலையை ஏற்றுக்கொண்டு அவளது வாழ்வை மறைக்க முனையும் நிலவுடைமைப் பண்பாட்டின் இரட்டை மனப்பான்மை இங்கே துலக்கமாகிறது.

அம்ரிதாவின் மறைவின் பின்னர், கணவரிடமும் தந்தையிடமும் இருந்த ஓவியங்களிற் பெரும்பகுதி இந்திய அரசைச் சேர்ந்தது. 1954 மார்ச்சில் தில்லி ஜெய்ப்பூர் மாளிகையிலே தேசிய நவீனக் கலைக்கூடம் திறக்கப்பட்டபோது, அதன் தலையாய உடைமை அம்ரிதாவின் தொகுதியாகவே இருந்தது. இன்று அங்குள்ள அவர் படைப்புகள் நூற்றுக்கும் மேற்பட்டவை. 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்கீழ் அவரது ஓவியங்கள் கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டு, நாட்டைவிட்டு அகற்றுவது தடைசெய்யப்பட்டது. குடும்பச் சொத்து தேசச் சொத்தாகிய இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆனால் தனியார் கையில் எஞ்சிய ஓவியங்களைச் சந்தை விடவில்லை. 1937 இல் தீட்டப்பட்ட ‘கதைசொல்லி’ 2023 இல் ஏலத்தில் 61.8 கோடி இந்திய ரூபாவுக்கு விலைபோனது. வாழ்நாளிற் கொள்வாரின்றி இருந்த கலைஞரின் படைப்பு, அவர் இறந்து எண்பத்திரண்டு ஆண்டுகளின் பின்னர் நிதிமூலதனத்தின் சேமிப்புப் பண்டமாயிற்று. அதற்கு அந்த விலையை ஈட்டிக் கொடுத்த அம்சங்களுள் ஒன்று, ஏழைகளின் உருவம்.

5. மருமகனின் பணி

அம்ரிதாவின் தங்கை இந்திரா, தமிழரான கே.வி.கே. சுந்தரத்தை மணந்தார். இந்தியச் சிவில் சேவையைச் சேர்ந்த சுந்தரம், 1958 முதல் 1967 வரை இந்தியாவின் தலைமைத் தேர்தல் ஆணையாளராகப் பதவி வகித்தவர். இவர்களின் பிள்ளைகளான விவானும் நவீனாவும் தம் பெரியம்மாவின் ஓவியங்கள் சிலவற்றுக்கும், பாட்டனாரின் நிழற்படங்களுக்கும், எரியாது எஞ்சிய கடிதங்களுக்கும் உரித்தாளராயினர்.

விவான் சுந்தரம் (1943–2023) வெறும் உரித்தாளராக இருந்துவிடவில்லை. பரோடாவிலும் இலண்டன் சிலேட் கல்லூரியிலும் பயின்ற அவர், 1968 ஆம் ஆண்டின் மாணவர் எழுச்சியால் ஆட்கொள்ளப்பட்டவர், இடதுசாரி, 1989 ஜனவரியில் வீதி நாடகக் கலைஞர் சப்தர் ஹஷ்மி கொல்லப்பட்டதையடுத்து உருவான ‘சஹ்மத்’ அமைப்பின் முன்னோடிகளுள் ஒருவர். குடும்பத் தொகுதியொன்று இடதுசாரியின் கைக்கு வரும்போது அவன் என்ன செய்ய வேண்டும்? விவானின் வாழ்க்கை இக்கேள்விக்கு அளித்த விடை சிந்தனைக்குரியது.

முதலாவதாக, அவர் தொகுதியை அறிவின் பொதுவுடைமையாக்கினார். 1972 இல் ‘மார்க்’ வெளியிட்ட அம்ரிதா பற்றிய கட்டுரைத் தொகுப்பில் பங்குகொண்டார்; 2010 இல் அம்ரிதாவின் கடிதங்களையும் எழுத்துகளையும் விரிவான குறிப்புகளுடன் இரு பெரும் பாகங்களாகப் பதிப்பித்தார். பெற்றோர் எரித்த வரலாற்றை மருமகன் எஞ்சியவற்றைக் கொண்டு மீளக் கட்டினார். இரண்டாவதாக, அவர் குடும்பத்தையே ஆய்வுப் பொருளாக்கினார். ‘ஷேர்கில் குடும்பம்’ என்னும் ஓவியம், 1995 இன் ‘ஷேர்கில் ஆவணக்காப்பகம்’ என்னும் நிறுவற்கலைப் படைப்பு, பாட்டனாரின் நிழற்படங்களைக் கணினியில் இணைத்து 2001 இல் உருவாக்கத் தொடங்கிய ‘அம்ரிதாவின் மீளெடுப்பு’ ஆகியன குடும்ப அல்பத்தை வணக்கத்திலிருந்து விடுவித்து விசாரணைக்கு உட்படுத்தின. தந்தையின் கமரா, மகளின் தன்னுருவப்படங்கள், தாயின் பட்டாடை, பாரிஸ் அறை, சிம்லா மாடம் யாவும் ஒரு வர்க்கத்தின் தன்னைத்தானே நோக்கும் பழக்கமாக அங்கே வெளிப்படுகின்றன.

இதனை முழுமையான வெற்றியென்று கூறிவிட முடியாது. சரையா ஆலையின் கரும்பு வெட்டியோர் அந்த ஆவணக்காப்பகத்திலும் விளிம்பிலேயே நிற்கின்றனர். எனினும் பேணுதல் என்பது பூட்டிவைத்தலன்று, கேள்விக்கு உட்படுத்தலே என்பதை அவர் நிறுவினார். இதுவே எமக்குரிய பாடம்.

6. மலையகத்தின் தொகுதி எங்கே?

இனி எமது பிரதேசத்துக்கு மீள்வோம். மலையக மக்களின் முகங்கள் வரையப்படாமலோ படமெடுக்கப்படாமலோ இல்லை. ஆங்கில நிழற்படக் கலைஞர் யூலியா மார்கரெற் கமரன் 1875 முதல் 1879 இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தார்; பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் குடும்பம் கோப்பித் தோட்ட உடைமையாளர் குடும்பம். தோட்டத் தொழிலாளரெனக் கருதப்படும் தமிழ்ப் பெண்களும் ஆண்களும் அவரது படங்களில் எம்மை நோக்குகின்றனர். அவர்களுட் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர், விஞ்ஞானியர் படங்களுக்குப் பெயர் உண்டு. உருவம் இவர்களுடையது, தொகுதி பிறருடையது.

இம்மக்கள் தமக்கென ஒரு தொகுதியை ஏன் உருவாக்கவில்லை என்று வினவுவது நியாயமன்று. உருவாகியது ஏன் நிலைக்கவில்லை என்றே வினவுதல் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் இரு நாடுகளுக்குமிடையே சமமாகப் பிரிக்கப்பட்டனர். தாய் ஒரு நாட்டுக்கும் மகள் மறு நாட்டுக்கும் உரியவராயினர். தலைமன்னார் நோக்கிச் சென்ற புகைவண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். அப்பயணத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்ற தீர்மானத்தில் சுவர்ப் படமும் பிள்ளை கிறுக்கிய சித்திரமும் முதலிற் கைவிடப்பட்டன. 1977 இலும் 1983 இலும் மூண்ட வன்செயல்கள் எஞ்சியவற்றை எரித்தன. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது, மனிதருடன் தகரப் பெட்டிகளும் புதையுண்டன. ஆவணத்தின் அழிவு இங்கே தற்செயல் அன்று, நிலமின்மையின் தொடர்ச்சி.

எஞ்சியது நாட்காட்டிப் படம். அதையும் இழிவாக எண்ணலாகாது. ரவி வர்மா 1894 இல் தொடங்கிய அச்சகத்திலிருந்து பரவிய தெய்வப் படங்களும், கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் (1898–1976) அவர்தம் மாணவரும் வரைந்து சிவகாசியில் அச்சாகிய நாட்காட்டிகளும் உழைக்கும் மக்களின் ஓவியக்கூடமாய் இருந்தன. ஒரே படம் ஆயிரம் காம்பிராக்களில் தொங்கியது. தனியுடைமையாக முடியாத அக்கலையின் சமூகவியல் இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது.

இன்று நிலைமை சற்றே மாறிவருகிறது. கம்பளை ஓல்ட் பீகொக் தோட்டத்திலே பழைய லயமொன்றை மையமாகக் கொண்டு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இயங்குகிறது. குடும்பங்கள் வைத்திருந்த பாத்திரங்களும் கருவிகளும் ஆவணங்களும் அங்கே பொதுவில் வைக்கப்பட்டுள்ளன. தோட்டப் பின்னணியிலிருந்து வந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்ற ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பைகளையே தம் ஊடகமாக்கி, பெண் தொழிலாளரின் வாழ்வைப் படைத்து வருகிறார். வரையப்பட்டோர் வரைவோராகும் இம்மாற்றம் மலையகப் பண்பாட்டு வரலாற்றில் ஒரு திருப்புமுனை.

முடிவாக

அம்ரிதா தொகுதியின் வரலாறு மூன்று உண்மைகளைத் தெளிவாக்குகிறது. குடும்பத் தொகுதியின் முதல் நிபந்தனை நிலமும் வீடும்; குடும்பம் காப்பாற்றுவது போலவே அழிக்கவும் வல்லது; தொகுதி உரித்தாளரின் பெருமிதத்திலிருந்து விடுபட்டு விசாரணைக்கும் பொதுவுடைமைக்கும் உட்படும்போதே வரலாறாகிறது. ஷேர்கில் குடும்பத்துக்குப் பின்னையதே கடினமாயிருந்தது. எமக்கோ முதலாவதே இன்னும் கிட்டவில்லை.

ஆதலால் மலையகப் பண்பாட்டு ஆய்வாளருக்கு இரு கடமைகள் உள்ளன. காம்பிராக்களிலுள்ள தகரப் பெட்டிகளைத் திறந்து, உரியவர் இசைவுடன் ஒவ்வொரு தாளையும் படத்தையும் பெயருடன் பதிவு செய்தல் ஒன்று. அப்பதிவு பல்கலைக்கழகத்தின் அலுமாரியிற் பூட்டப்படாது, பசறையிலும் பதுளையிலும் அம்மக்களே சென்று காணக்கூடிய இடத்தில் நிலைபெறச் செய்தல். மற்றையது, நிலத்துக்கும் வீட்டுக்குமான அவர்களது போராட்டத்தைப் பண்பாட்டுப் போராட்டமாகவும் உணர்ந்து அதில் பங்குகொள்ளுதல். முதற் கடமை இரண்டாவதற்குப் பதிலீடாகாது. சொந்தச் சுவரில் ஆணியடிக்கும் உரிமை பெற்ற மக்களே தம் பிள்ளை வரைந்த சித்திரத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட இயலும்.